பள்ளி நூலகருக்கு இனி என்ன வேலை?

கேள்வியின் சாரம் இது: தமிழ்நாட்டில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளி, நூலகத்தில் சுமார் 6,000 புத்தகங்கள். வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. பிள்ளைகள் ப்ராஜெக்ட் எழுத சாட்ஜிபிடியைக் கேட்கிறார்கள். நூலகத்துக்கு இனியும் செலவு செய்ய வேண்டுமா என்று நிர்வாகம் யோசிக்கிறது. டேப்லெட், மின்நூல் சந்தா, ஆர்எஃப்ஐடி (புத்தகத்தில் ஒட்டிய ரேடியோ சில்லைப் படிக்கும் கருவி) என்று எதையாவது வாங்கவைத்தால் நூலகமும் நூலகர் பதவியும் பிழைக்குமா?

பிழைக்காது. கருவிகள் நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும், அவற்றைப் பார்த்துக்கொள்ள நூலகர்தான் வேண்டும் என்பதும் இல்லை, கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளரே போதும். ஓர் ஆசிரியர் நடத்தும் பாடத்துக்குள் நூலகருக்கு ஒரு வேலை இருந்தால் அவர் நிலைப்பார். அந்த இடத்தைப் பிடிப்பதற்கு முன்னால் கவர்ச்சியே இல்லாத சில வேலைகளை முடித்தாக வேண்டும்.

முதல் வேலை, பீரோவின் பூட்டைத் திறப்பது. நம் பள்ளிகளில் புத்தகம் வெளியே போகாததற்கு போனை விடப் பெரிய காரணம், தொலைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதியைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். ஓர் ஆண்டில் வழங்கப்படும் அல்லது பார்க்கப்படும் 1,000 புத்தகங்களுக்கு 5 தொலைவது நியாயமான இழப்பு என்று அது ஏற்றுக்கொள்கிறது. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ரூ.1,000-க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். 20,000 புத்தகங்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்புச் சரிபார்ப்பு செய்யச் சொல்வதும் இதே விதிதான். இது தனியார் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் "அரசே இவ்வளவு ஏற்கிறது, நம் பள்ளிக்கும் ஒரு வரம்பு எழுதிக்கொள்வோம்" என்று கேட்க இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஆண்டுக்கு 6,000 முறை புத்தகம் வெளியே போனால் 30 புத்தகங்கள் வரை தொலையலாம் என்று நிர்வாகக் குழுத் தீர்மானத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழி உறுதி அடுத்த தலைமையாசிரியர் வந்ததும் காற்றோடு போய்விடும்.

அடுத்து, காலாவதியான புத்தகங்களைக் கழிப்பது. பிரிக்கப்படாத ஆந்திரத்தைக் காட்டும் அட்லஸ் (தெலங்கானா பிறந்தது 2014 ஜூன் 2), புளூட்டோவை ஒன்பதாவது கோள் என்று எழுதிய அறிவியல் களஞ்சியம் (2006-லேயே அது குறுங்கோள் ஆகிவிட்டது), தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று சொல்லும் பொது அறிவுப் புத்தகம் (இப்போது 38), 2018-19 முதல் மாறிய பாடத்திட்டத்துக்கு முந்தைய கைடுகள். இவையெல்லாம் அலமாரியில் இருக்கும்வரை கூகுளை நம்பாதே என்று பிள்ளைகளிடம் சொல்ல நமக்கு வாய் இல்லை. நீக்கும் முறையில் கவனம் தேவை. நீக்க வேண்டியவற்றைக் காரணத்தோடு பட்டியலிட்டு, மூன்று பேர் குழுவிடம் ஒப்புதல் வாங்கி, அக்செஷன் பதிவேட்டில் (ஒவ்வொரு புத்தகத்தையும் வரிசை எண்ணோடு பதியும் பேரேடு) அந்த வரியில் தேதியோடு சிவப்பு மையில் குறித்து, புத்தகத்தில் "நீக்கப்பட்டது" முத்திரை குத்துங்கள். பதிவேட்டின் வரியை அடித்து அழிப்பதும், காலியான எண்ணைப் புதுப் புத்தகத்துக்குக் கொடுப்பதும் அடுத்த தணிக்கையில் தலைவலியாக வரும். பழையது என்பதற்காக மட்டும் எதையும் தூக்கி எறிய வேண்டாம். உள்ளூர் வரலாறு, பள்ளியின் ஆண்டு மலர்கள், மறுபதிப்பு வராத தமிழ் நூல்கள் தனி அலமாரிக்குப் போகட்டும்.

இனி நூலகப் பட்டியலைக் கணினியில் ஏற்றுவது. தொழில்நுட்பத்தில் நூலகர் கைவைக்க வேண்டிய முதல் இடம் இதுதான், அதிகம் சறுக்குகிற இடமும் இதுதான்.

மென்பொருளைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். பட்டியல், புத்தக வழங்கல் இரண்டையும் பார்த்துக்கொள்ளும் கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம், திறமூலம். நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸில் ஓடும். 6,000 புத்தகங்களுக்கு 4 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண கணினி போதும். லினக்ஸ் தெரிந்த ஒருவர் நிறுவித் தந்தால் அன்றாட வேலை முழுவதும் பிரவுசரிலேயே நடந்துவிடும். சிக்கல் தரவில்தான்.

ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தைப் பதிவேற்ற நான்கு நிமிடம் என்று வையுங்கள். 6,000-க்கு 400 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் 200 வேலை நாள், கிட்டத்தட்ட ஒரு கல்வியாண்டு முழுவதும் போய்விடும். அதனால் அலமாரி வரிசையில் தொடங்காதீர்கள். பிள்ளைகள் கையில் அதிகம் புழங்கும் 1,500 புத்தகங்களை முதலில் ஏற்றினால் 50 நாளில் பட்டியல் பயனுக்கு வந்துவிடும். மீதி மெதுவாக வரட்டும். "எல்லாம் முடிந்தபின் திறக்கிறோம்" என்று சொன்ன கணினிமயமாக்கம் பல பள்ளிகளில் பாதியில் நிற்கிறது.

எக்செல்லில் தட்டச்சு செய்து பிறகு கோஹாவுக்கு மாற்றுவதாக இருந்தால், முதல் எழுத்து அடிக்கும் முன்பே அக்செஷன் எண், ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்) இரண்டின் பத்திகளையும் 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 00457 என்பது 457 ஆகும், 13 இலக்க ஐஎஸ்பிஎன் 9.78E+12 என்று சுருங்கிவிடும். கோப்பை யுடிஎஃப்-8 வடிவில் சேமிக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகும். பழைய பட்டியல் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கள்தான், தேடினால் ஒன்றும் அகப்படாது.

யூனிகோடிலும் பொறி உண்டு. "ஔவையார்" என்பதைப் பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஆத்திசூடி அலமாரியில் இருக்க, பட்டியல் இல்லை என்று சொல்லும். "கொ" போன்ற எழுத்துக்களில் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தாலும் இப்படி ஆகலாம். தட்டச்சு செய்பவர் எல்லோரும் ஒரே விசைப்பலகையைப் பயன்படுத்த வேண்டும் என்று முதல் நாளே விதி போடுங்கள். கோஹாவின் தேடல் இயந்திரமான ஜீப்ராவில் ஐசியு என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து அட்டவணையை மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் தமிழ்த் தேடல் ஒழுங்காக வேலை செய்யாது. "கோஹாவில் தமிழ் வராது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஆசிரியர் பெயரில் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. கி. ராஜநாராயணன், கி.ரா., இராஜநாராயணன், ராஜநாராயணன் கி. என்று நான்கு விதமாகப் பதிந்தால் அவருடைய புத்தகங்கள் நான்கு பேருக்குப் பிரிந்துவிடும். கோஹாவில் ஆசிரியர் பெயருக்கான ஆணைப் பதிவு (ஒருவரின் பெயர் வடிவங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டும் பதிவு) ஒன்றை உருவாக்கி, ஒரு வடிவத்தை 100-ஆம் புலத்திலும் (புலம் என்பது பதிவில் ஒரு விவரத்துக்கான எண்ணிட்ட இடம்) மற்றவற்றை 400-ஆம் புலத்திலும் கொடுத்துவிட்டால் எதைத் தேடினாலும் ஒரே இடத்துக்கு வரும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம் என்பது உண்மைதான், ஆங்கில நூல்களுக்கு அது வரம். ஆனால் அங்கிருந்து வரும் தமிழ்ப் பதிவுகளில் தலைப்பும் பெயரும் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும். தமிழில் நீங்கள்தான் அடிக்க வேண்டும்.

பாடத்தோடு பட்டியலை இணைப்பது 653-ஆம் புலம். கட்டற்ற குறிச்சொற்களுக்கான இடம் அது. பாடநூல்களை எடுத்து, வகுப்பு வாரியாகப் பாடத் தலைப்புகளையும் முக்கியச் சொற்களையும் பட்டியலிட்டு, பொருந்தும் புத்தகங்களில் அவற்றை ஏற்றுங்கள். கிணறுகளைப் பற்றிய ஒரு கட்டுரைத் தொகுப்பு ட்யூயி எண்ணில் (புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கும் எண்) எங்கோ இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை "நிலத்தடி நீர்" என்று தேடும்போது அது வர வேண்டும். எந்தப் பெரிய நூலகமும் உங்கள் பள்ளிக்காக இந்த வேலையைச் செய்து தராது.

பார்கோடு லேபிளுக்கு ஏ4 தாளில் 65 வருகிற (38 மி.மீ. × 21 மி.மீ.) ஸ்டிக்கர் தாளும் லேசர் பிரிண்டரும் போதும். நேரடி வெப்ப அச்சு லேபிள் கருத்து மங்கிவிடும், வேண்டாம். ஒன்றைத் தலைப்புப் பக்கத்தின் பின்னாலும் ஒன்றைப் பின் அட்டையின் உள்ளேயும் ஒட்டி மேலே டேப் போடுங்கள். இரண்டில் ஒன்று கிழிந்தாலும் புத்தகம் அநாதையாகாது. கோஹாவின் நாள்காட்டியில் விடுமுறைகளை ஏற்ற மறந்தால் மே மாதம் முழுக்க அபராதம் ஏறி, ஜூனில் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். காப்பு நகல் அதே கணினியில் இருந்தால் அது காப்பு இல்லை. வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, அதை வேறு அறையில் வையுங்கள்.

பட்டியல் ஓடத் தொடங்கியதும் பாடத்துக்குள் நுழையுங்கள். எல்லா ஆசிரியர்களுக்கும் சுற்றறிக்கை விட்டால் எவரும் வர மாட்டார்கள். ஜூன் முதல் வாரத்தில் ஒரே ஒரு ஆசிரியரைப் பிடித்து, "எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், எதற்கு நெட்டிலிருந்து அப்படியே எழுதிக்கொண்டு வருகிறார்கள்" என்று கேளுங்கள். பதில் உடனே வரும். அந்தப் பாடத்துக்கு ஒரு 40 நிமிடப் பீரியடை இருவரும் சேர்ந்து நடத்துங்கள்.

செயற்கை நுண்ணறிவைச் சரிபார்க்கும் வகுப்பு ஒன்றை இப்படி அமைக்கலாம். பள்ளியில் மாணவர் போன் வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் தேவையில்லை. நட்பு பற்றிய ஐந்து குறள்களை எண், அதிகாரம், பொருளோடு தரச் சொல்லி நீங்களே ஒரு சாட்பாட்டிடம் கேட்டு, வந்த பதிலைத் திருத்தாமல் அச்சிடுங்கள். வேறு வேறு அதிகாரங்களுக்கு இப்படி எட்டுத் தாள், எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு மேசையிலும் திருக்குறள் பிரதி ஒன்று. முதல் சோதனைக்குப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். அதிகாரத்துக்குப் பத்து என்பதால் 79-ஆம் அதிகாரமான நட்பு 781-இல் தொடங்கி 790-இல் முடிய வேண்டும். 788 என்று எண் கொடுத்து அதிகாரம் வாய்மை என்று இருந்தால் ஏதோ ஒன்று தவறு, வாய்மை 30-ஆம் அதிகாரம். அடுத்தது சீர் எண்ணுவது. முதல் அடியில் நான்கு, இரண்டாவதில் மூன்று. இந்த இயந்திரங்கள் குறள் மாதிரி ஒலிக்கும் வரிகளைத் தாமாகவே கட்டிவிடக்கூடியவை, அவற்றில் பல இந்த எண்ணிக்கையிலேயே மாட்டிக்கொள்ளும். மூன்றாவதாகப் புத்தகத்தைத் திறந்து வரியையும் உரையையும் ஒப்பிட வேண்டும்.

ஒவ்வொரு குழுவும் ஒரு சீட்டை நிரப்பட்டும்: சரிபார்த்த கூற்று, எந்த நூலில் எந்தப் பக்கத்தில் பார்த்தார்கள், முடிவு. முடிவுக்கு மூன்று கட்டங்கள் வையுங்கள்: சரி, தவறு, கிடைக்கவில்லை. மூன்றாவது கட்டம்தான் முக்கியம். தேடிக் கிடைக்காததைத் தவறு என்று எழுதும் பழக்கம் பெரியவர்களுக்கே உண்டு. இதே சீட்டு சமூக அறிவியலுக்கும் ஒத்துவரும். அங்கே ஒரு பதிலில் உள்ள பெயர், ஆண்டு, எண்ணிக்கை ஆகியவற்றுக்கு அடிக்கோடிட்டு, குழுவுக்கு மூன்று கூற்றுகளை மட்டும் கொடுங்கள். 40 நிமிடத்தில் அதற்கு மேல் ஓடாது. சாட்பாட் மேற்கோள் காட்டும் புத்தகம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பட்டியலிலும் பதிப்பாளர் தளத்திலும் தேடிப்பார்ப்பதையும் ஒரு குழுவுக்குக் கொடுக்கலாம். இல்லாத நூலை இருப்பதுபோல் சொல்வது இந்த இயந்திரங்களின் தெரிந்த குணம்.

இந்த வகுப்பு பாழாகும் வழிகள் சில. சாட்பாட் சொன்னதை இன்னொரு சாட்பாட்டிடமே கேட்டுச் சரிபார்ப்பது ஒன்று. பிள்ளைகளை உங்களிடம் விட்டுவிட்டு ஆசிரியர் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடுவது இன்னொன்று, அப்போது இது பாடமாக இல்லாமல் லைப்ரரி பீரியடாகச் சுருங்கிவிடும். சீட்டுகளுக்கு இரண்டு மதிப்பெண்ணாவது ஆசிரியர் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பெயரில் கணக்கு தொடங்கவைக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்ட அனைவரும் குழந்தைகள், அவர்களுடைய தரவைக் கையாள பெற்றோர் ஒப்புதல் வேண்டும்.

மின்வளங்களைப் பொறுத்தவரை நாற்பது இணைப்புகள் கொண்ட பட்டியல் யாருக்கும் உதவாது. ஐந்தாறு போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் இணையதளம், தமிழ் விக்கிமூலம், சின்னப் பிள்ளைகளுக்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர். கடைசியில் சொன்னதில் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமம் என்பதால் இறக்கி, அச்சிட்டு, தைத்து வகுப்பறைக்கே கொடுக்கலாம், எழுதியவர் வரைந்தவர் பெயர்களை மட்டும் நீக்கக் கூடாது. இவற்றுக்கெல்லாம் க்யூஆர் ஒட்டும் ஆசை வந்தால், உங்கள் கையில் இருக்கும் ஒரே பக்கத்துக்கு மட்டும் க்யூஆர் செய்து, இணைப்புகளை அந்தப் பக்கத்துக்குள் வையுங்கள். தளத்தின் முகவரி மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும், 200 ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்களைப் பள்ளிக் குழுவில் போடாதீர்கள். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் இருக்கிறது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் மூலப் படைப்புகளைத் தடையின்றிப் பகிரலாம். ஆனால் ஒரு பதிப்பகம் அண்மையில் சேர்த்த முன்னுரை, குறிப்புரை, அட்டை ஓவியம் நாட்டுடைமை ஆகிவிடாது. இந்த வித்தியாசம் தெரிந்தவர் பள்ளியில் ஒருவராவது இருக்க வேண்டும், அது நூலகராகத்தான் இருக்க முடியும்.

ஆர்எஃப்ஐடி கதவு 6,000 புத்தகங்களுக்குத் தேவையில்லை. அந்தப் பணத்துக்குப் புதுப் புத்தகம் வாங்குங்கள். நூலகத்தில் இணைய இணைப்போடு இரண்டு கணினிகள் இருந்தால் பிள்ளைகளுக்குப் போதும்.

நிர்வாகத்திடம் பேசக் கணக்கு வேண்டும். பள்ளி நூலகர் இருக்கும் இடத்தில் தேர்ச்சி கூடுகிறது என்று 1993-இன் கொலராடோ ஆய்வு முதல் பல ஆய்வுகள் உண்டு, ஆனால் நம் ஊர்த் தாளாளர் கொலராடோவைக் கேட்டு அசையமாட்டார். மாதம் ஒரு பக்கம், உங்கள் பள்ளியின் எண்கள் மட்டும். வருகை எண்ணிக்கையைப் போடாதீர்கள். கட்டாயப் பீரியடில் வகுப்பே வரிசையாக வந்து போவதால் அது எதையும் காட்டாது. வகுப்புவாரியாக ஒரு மாணவருக்கு எத்தனை புத்தகம் போயிற்று, இதுவரை ஒன்றுகூட எடுக்காதவர்கள் எத்தனை பேர், எந்த ஆசிரியரோடு எந்தப் பாடத்தை நடத்தினீர்கள், சரிபார்ப்புச் சீட்டில் எத்தனை கூற்றுகள் தவறாக இருந்தன, பிள்ளைகள் கேட்டு நம்மிடம் இல்லாத புத்தகங்கள் எவை. கடைசிக் கேள்விக்கான பதிலை அடுத்த கொள்முதல் பட்டியலாகவே கொடுத்துவிடலாம்.

மாற்று ஆசிரியர் வேலை, தேர்வறை மேற்பார்வை, கட்டண வசூல் என்று உங்கள் பீரியடுகளைப் பிடுங்குவதும் நிற்காது. முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வேண்டாம், சண்டைதான் மிஞ்சும். அதே மாதப் பக்கத்தின் அடியில் "நூலகம் மூடியிருந்த பீரியடுகள்" என்று ஒரு வரி சேருங்கள்: தேதி, பீரியட், காரணம், அன்று ரத்தான வகுப்பு. குறிப்பாக ரத்தான வகுப்பின் ஆசிரியர் பெயரை எழுதுங்கள். கூட்டு வகுப்பு கைவிட்டுப் போனதே என்று தலைமையாசிரியரிடம் முதலில் போய் நிற்பவர் அந்த ஆசிரியராகத்தான் இருப்பார், அவர் பேச்சுக்கு உங்கள் பேச்சைவிட எடை அதிகம்.